யானைக்கு எந்த மொழி தெரியும்?

உங்கள் தெருவில் நாய் வளர்க்கிற வீடு ஒன்றாவது இருக்கும். அந்த வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை பேச்சு முழுக்கத் தமிழில்தான். சண்டைகூடத் தமிழில்தான் நடக்கும். ஆனால், நாயிடம் பேசும்போது மட்டும் தாத்தா உட்பட எல்லோரும் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார்கள். 'சிட்!', 'கம்!', 'ஷேக் ஹேண்ட்!'. பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காத பாட்டிகூட, 'நோ டைகர், நோ!' என்று அதட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பழக்கம் என்று சொல்லிச் சிரிப்போம்.

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால், வெள்ளைக்காரன் கப்பல் ஏறுவதற்குப் பல நூறு வருஷங்களுக்கு முன்பே நம்மிடம் இருந்த பழக்கம் இது. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில் ஒரு போர்ப் பாசறைக் காட்சி வருகிறது. காவலுக்கு ஒரு யானை நிற்கிறது. அதன் முன்னால் கரும்பும் நெற்கதிருமாகக் கட்டிப் போட்ட தீனி. அய்யா அதைத் தின்ன மாட்டேன் என்கிறார். எடுத்து நெற்றியைத் துடைத்துக் கொண்டு, தும்பிக்கையைத் தந்தத்தில் போட்டுக்கொண்டு சும்மா நிற்கிறார். அப்போது சில இளைஞர்கள் அங்குசத்தால் குத்தி, கவளத்தைத் தின்ன வைக்கிறார்கள். குத்தும்போது அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது வடமொழிச் சொற்கள்! அந்த இளைஞர்களைக் கல்லாதவர்கள் என்று வேறு சொல்கிறார் புலவர். யானையை ஓட்டுகிற நாலு வார்த்தையைத் தவிர அந்த மொழியில் அவர்களுக்கு வேறெதுவும் தெரியாது.

வீட்டில் தமிழ், யானையிடம் வடமொழி. யானையைப் பழக்கும் வித்தை எங்கிருந்து வந்ததோ, அங்கிருந்தே கட்டளைச் சொற்களும் கூட வந்து ஒட்டிக்கொண்டன என்று தோன்றுகிறது. நம்ம டைகருக்கு இங்கிலீஷ் வந்த கதையும் இதேதான்.

ஆக, மிருகத்தோடு பேசுவது என்றால் நாம் சொல்வதை அதற்குப் புரிய வைப்பது என்றே இரண்டாயிரம் வருஷமாக நினைத்து வந்திருக்கிறோம். அது நமக்கு ஏதாவது சொல்கிறதா, சொன்னால் நமக்குப் புரிகிறதா? இந்தக் கேள்வியைச் சென்னையில் உட்கார்ந்து கேட்டால் பொழுதுபோக்கு. ஓசூரில் கேட்டால் உயிர்ப் பிரச்னை. எனவே, வாருங்கள், ஓசூருக்குப் போவோம்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போயிருக்கிறீர்களா? ஒரே டீக்கடையில் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் ஓடும். ஒரே வாக்கியத்தில் மூன்றும் ஓடுவதும் உண்டு. மனிதர்களுக்கே இந்த நிலை என்றால் மாடுகளை நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கத்து மாடு ஹள்ளிக்கார். நீண்டு பின்னால் வளைந்த கொம்பு, ஒல்லியான உடம்பு, துள்ளுகிற நடை. தெலுங்கு பேசுகிற வீட்டில் பிறந்து, கன்னடம் பேசுகிறவரிடம் ஏர் பழகி, கடைசியில் தமிழ் பேசுகிற குடும்பத்துக்கு விலை போகிற காளைகள் இங்கே சர்வ சாதாரணம். புது வீட்டில் சில நாள் முரண்டு பிடிக்கும். பிறகு சரியாகிவிடும். ஏனென்றால் மாடு அகராதியைப் பார்ப்பதில்லை. குரல் ஏறுகிறதா இறங்குகிறதா, கயிறு எந்தப் பக்கம் இழுபடுகிறது, ஓட்டுகிறவர் எந்தக் காலை முன்னால் வைக்கிறார்... அதற்கு இவ்வளவு போதும்.

இந்த மாட்டின் வம்சத்தில்தான் மைசூர் அரசின் புகழ்பெற்ற ராணுவ மாடுகள் உருவாயின. 1672-லிருந்து 1704 வரை ஆண்ட சிக்க தேவராஜ உடையார் காலத்தில் 'பெண்ணெ சாவடி' என்று பெயர். பெண்ணெ என்றால் கன்னடத்தில் வெண்ணெய். திப்பு சுல்தான் அதை 'அம்ருத் மஹால்' என்று மாற்றினார். பீரங்கி இழுக்க இந்த மாடுகளை வைத்துக்கொண்டு, ஹைதர் அலி இரண்டரை நாளில் நூறு மைல் கடந்து சிதம்பரத்துக்கு உதவிக்குப் போனார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வெறுமனே சாட்டையால் அடித்து நூறு மைல் ஓட்ட முடியாது. எந்த மாடு தளர்கிறது, எது இன்னும் தாங்கும் என்று மூச்சையும் காதையும் பார்த்தே சொல்லத் தெரிந்த ஓட்டிகள் இருந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெயரும் சரித்திரத்தில் இல்லை. ஹைதர் பெயர் இருக்கிறது!

மாட்டுக்குப் பிறகு குதிரை. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் இன்றைக்குக் கால்நடைப் பண்ணை இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் அங்கே இருந்தது பிரிட்டிஷ் ராணுவத்தின் ரிமவுண்ட் டிப்போ. பட்டாளத்துக்கான குதிரைகளை வளர்த்துப் பழக்கும் இடம். குதிரைக்காரர்களிடம் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. ஏறி உட்கார்ந்தவன் பயந்தால் குதிரைக்கு உடனே தெரிந்துவிடும் என்பார்கள். இது நிஜமா, கதையா? இதற்கு ஜெர்மனியில் ஒரு குதிரை பதில் சொல்லியிருக்கிறது.

பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்று ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இருந்தார். அவர் தன் குதிரை ஹான்ஸுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தார். இரண்டும் மூணும் எவ்வளவு என்று கேட்டால், குளம்பால் ஐந்து தடவை தரையைத் தட்டும். பின்னக் கணக்குகூடப் போட்டது. ஊரே திரண்டு வந்தது. 1904-ல் ஒரு நிபுணர் குழு வந்து சோதித்து, இதில் மோசடி எதுவும் இல்லை என்று சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போனது. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு சின்ன வேலை செய்தார். விடை தெரியாத ஆளை விட்டுக் கேள்வி கேட்க வைத்தார். ஹான்ஸ் ஃபெயில்! கேட்கிறவரைக் குதிரை பார்க்க முடியாதபடி மறைத்தார். மறுபடி ஃபெயில்!

விஷயம் என்னவென்றால், குதிரை தட்டத் தட்ட, சரியான எண் நெருங்கும்போது கேட்பவரின் உடம்பு அவரை அறியாமல் இறுகும். எண் வந்ததும் தலை ஒரு நூலளவு அசையும். ஹான்ஸ் அதைப் பார்த்து நிறுத்திக்கொண்டது. ஃபுங்ஸ்ட் 1907-ல் இந்த ரகசியத்தை வெளியிட்டார். இதில் ரொம்ப சுவாரசியமான சங்கதி, ரகசியம் தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்ட்டால் தன் தலை அசைவை அடக்க முடியவில்லை. குதிரைக்குக் கணக்கு தெரியாது என்று அப்போது உலகம் கைகொட்டிச் சிரித்தது. என்னைக் கேட்டால், சிரித்தவர்கள்தான் ஏமாந்தவர்கள். மனிதன் மறைக்க நினைத்தாலும் மறைக்க முடியாததை ஒரு மிருகம் படிக்கிறது. இதை விடவா கணக்கு பெரிது?

சரி, அவை நம்மைப் படிக்கின்றன. நாம்?

நம் முன்னோர் கொஞ்சம் படித்தார்கள் என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர் போனது. அங்கே எடுத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ம் ஆட்சியாண்டு, அதாவது 7-ம் நூற்றாண்டின் தொடக்கம். எருமை மந்தைக்காக நடந்த சண்டையில் கருந்தேவகத்தி என்ற வீரன் இறந்துபோகிறான். கல்லில் அவன் உருவம். பக்கத்திலேயே ஒரு நாயின் உருவம். நாய்க்குத் தனியாக எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். பெயர், கோவிவன். திருட வந்தவனைக் கடித்துவிட்டுக் காவலாக அங்கேயே காத்து நின்றதாம். மகேந்திரவர்மன் காலத்து மந்திரிகள் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்? இந்த நாயின் பெயர் நமக்குத் தெரியும்!

இன்னொரு கல், இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கர்நாடகத்தில் மாண்டியா மாவட்டத்து ஆத்தக்கூரில் கிடைத்தது. 949-ல் தக்கோலத்தில் ராஷ்டிரகூடர்களும் கங்கர்களும் சோழர்களோடு மோதினார்கள் அல்லவா, சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே செத்துப்போன அந்தப் போர். அதில் வீரம் காட்டிய மணலேரன் என்பவனிடம், என்ன வேண்டுமோ கேள் என்றான் கங்க மன்னன் பூதுகன். ஊர் கேட்கலாம், பொன் கேட்கலாம். மணலேரன் கேட்டது, 'காளி' என்ற வேட்டை நாயை. பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு காளி மோதி, இரண்டும் ஒன்றாகச் செத்தன. ராஜாதித்தன் சாவையும் காளியின் சாவையும் அந்த ஒரே கல் சொல்கிறது. கல்லுக்குப் பூசை செய்ய நிலமும் விட்டார்கள். பூசை செய்யாமல் பூசாரி சாப்பிட்டால் நாய் செய்த பாவமெல்லாம் அவருக்கு வந்து சேரும் என்று எச்சரிக்கை வேறு! வரைபடத்தை எடுத்துத் தக்கோலத்துக்கும் ஆத்தக்கூருக்கும் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். ஓசூர்ப் பக்கமாகத்தான் போகும்.

நாய், மாடு, குதிரை எல்லாம் நம்மோடு பழகிப் பழகி நம் பாஷைக்கு வந்தவை. யானை அப்படியல்ல. எத்தனை ஆயிரம் வருஷம் கட்டி வைத்தாலும் ஒவ்வொரு தலைமுறையையும் காட்டிலிருந்துதான் பிடித்து வந்தோம். அதன் பாஷை அதனிடமே இருக்கிறது. அதில் பாதி நம் காதிலேயே விழாது என்பது 1984 வரை யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் கேட்டி பெய்ன் என்ற பெண்மணி, அமெரிக்காவில் போர்ட்லேண்ட் மிருகக்காட்சி சாலைக்குப் போனார். திமிங்கிலங்களின் பாட்டை ஆராய்ந்தவர். அங்கே இருந்தவை நம்ம ஆசிய யானைகள். கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது காற்றில் ஓர் அதிர்வை உடம்பால் உணர்ந்தார். சத்தம் இல்லை. வெறும் அதிர்வு. சின்ன வயதில் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும்போது பெரிய குழாய் பக்கத்தில் நின்றால் இதே மாதிரிதான் இருக்கும் என்பது ஊருக்குத் திரும்பும் வழியில் ஞாபகம் வந்தது. மறுபடி போய் ஒலிப்பதிவு செய்து, டேப்பை வேகமாக ஓட்டிக் கேட்டால்... யானைகள் பேசிக்கொண்டிருக்கின்றன! கான்கிரீட் சுவருக்கு இந்தப் பக்கம் பெண் யானை, அந்தப் பக்கம் ஆண் யானை. வினாடிக்கு 14-லிருந்து 24 அதிர்வுகள். மனிதக் காது சுமார் 20-க்குக் கீழே வேலை செய்யாது. 1986-ல் இது ஆராய்ச்சிக் கட்டுரையாக வந்தது. காட்டில் இந்த மாதிரி ஒலி கிலோமீட்டர் கணக்கில் போகும். ஒரு கூட்டம் திடீரென்று அசையாமல் சிலை மாதிரி நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தூரத்துச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

கேட்பதில் யானை இன்னும் கெட்டிக்காரன். கென்யாவில் அம்போசெலி என்ற இடத்தில் மசாய் இனத்தார் யானைகளை ஈட்டியால் குத்துவதுண்டு. கம்பா இனத்தார் அவ்வளவாக வம்புக்குப் போவதில்லை. 'அதோ பார், யானைக் கூட்டம் வருது' என்கிற ஒரே வாக்கியத்தை இரண்டு மொழியிலும் சொல்லவைத்து, ஒலிபெருக்கியில் யானைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். மசாய் ஆணின் குரல் கேட்டால் யானைகள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டு பின்வாங்கின. கம்பா குரலுக்கு அவ்வளவு பயமில்லை. மசாய்ப் பெண்ணின் குரலுக்கும், சிறுவன் குரலுக்கும்கூட அவ்வளவு பயமில்லை! 2014-ல் வெளிவந்த முடிவு இது.

பேசுவதற்கும் ஒரு கதை உண்டு. தென்கொரியாவில் எவர்லேண்ட் மிருகக்காட்சி சாலையில் கோஷிக் என்று ஒரு ஆசிய யானை. தும்பிக்கையை வாய்க்குள் விட்டு, நாக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து கொரிய வார்த்தைகளைச் சொல்லும். வணக்கம், உட்கார், இல்லை, படு, நல்லது. கொரியர்களை உட்கார வைத்துக் கேட்க வைத்து எழுதச் சொல்லிச் சோதித்தார்கள். 2012-ல் செய்தி உலகம் பூராவும் பரவியது. எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். ஏன் கற்றுக்கொண்டது என்று ஆராய்ச்சியாளர்கள் சொன்ன காரணம்தான் மனசைப் பிசைகிறது. சின்ன வயதில் சுமார் ஐந்து வருஷம் கோஷிக்கின் பக்கத்தில் வேறு யானையே கிடையாது. மனிதர்கள் மட்டும். பேச ஆள் இல்லாமல், கிடைத்தவர்களின் பாஷையைப் பிடித்துக்கொண்டது.

மறுபடி ஓசூர். அறுவடைக் காலம் நெருங்கினால் பன்னர்கட்டா பக்கத்திலிருந்து யானைகள் ஜவளகிரி, தளி வழியாக இறங்கும். தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சானமாவு காடு வரை வரும். கேழ்வரகு முற்றுகிற நேரம் அதற்குத் தெரியும். ஒரு பக்கம் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் எல்லாம் எழுபது எண்பதுகளில் வந்து ஓசூரைத் தொழில் நகரமாக்கின. சிப்காட் பெரிசானது. லேஅவுட்டுகள் முளைத்தன. இன்னொரு பக்கம் யானையின் பாதை அப்படியே அதன் தலைக்குள் இருக்கிறது. 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால், சரணாலயத்தின் எல்லைக்கல் யானையின் கண்ணில் படுவதில்லை. மாநில எல்லையும்தான். இங்கே தமிழில் கத்தி அந்தப் பக்கம் விரட்டுகிறோம், அங்கே கன்னடத்தில் கத்தி இந்தப் பக்கம் விரட்டுகிறார்கள். அம்போசெலி யானைக்கு இரண்டு மொழி தெரியும் என்றால் நம்ம யானைக்குக் குறைந்தது மூன்று!

நாம் விரட்டுவதற்கு அவை பதிலும் சொல்லியிருக்கின்றன. பருவம் வந்த ஆண் யானை தனியாகத் திரியும் என்பதுதான் புத்தகத்துப் பாடம். ஓசூரை ஒட்டிய கர்நாடகப் பகுதிகள் உள்ளிட்ட தென்னிந்திய நிலப்பரப்பில், ஆண் யானைகளைப் படம் பிடித்து அடையாளம் கண்டு ஆராய்ந்தவர்கள் 2019-ல் வேறு மாதிரி சொன்னார்கள். விளைநிலங்கள் அதிகமான இடங்களில் ஆண் யானைகள் கூட்டம் சேர்கின்றன. இளவட்டங்கள் பெரிய ஆண்களோடு சேர்ந்துகொண்டு நிலைத்த கோஷ்டிகளாகத் திரிகின்றன. ஆபத்தான ஊருக்குத் தனியாகப் போகாதே என்று நம் வீட்டில் சொல்கிற மாதிரிதான்.

கிட்டத்தில் நிற்கும் யானையும் பேசாமல் இருப்பதில்லை. காதும் வாலும் ஆடிக்கொண்டே இருந்தால் அது தன் வேலையில் இருக்கிறது. காதாட்டம் சட்டென நின்றால் உங்களைக் கவனித்துவிட்டது என்று அர்த்தம். தும்பிக்கை நுனி உங்கள் பக்கம் தூக்கினால் முகர்ந்து பார்க்கிறது. மண்ணை வாரி இறைப்பது, காலை முன்னும் பின்னும் ஆட்டுவது, காதை விரித்துக்கொண்டு நாலடி ஓடிவந்து நிற்பது எல்லாம் 'போயிடு' என்று சொல்வது. செல்போனில் படம் எடுக்கிற ஆசாமிக்கு இதெல்லாம் நல்ல 'ஷாட்'. யானை நாலு முறை சொல்லிப் பார்க்கிறது. ஐந்தாவது முறை சொல்வதில்லை. மறுநாள் பேப்பரில் 'யானை திடீரெனத் தாக்கியது' என்று வரும். அந்தத் 'திடீர்' என்கிற வார்த்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஹான்ஸ் ஞாபகம் வரும்.

அகநானூற்றில் ஒரு காட்சி. தினைப்புனத்தில் பரண். காவல் காக்க வேண்டிய கணவன் கள்ளைக் குடித்துவிட்டுக் கிடக்கிறான். மனைவி கூந்தலை விரலால் கோதிக்கொண்டே குறிஞ்சிப் பண் பாடுகிறாள். கதிரைத் தின்ன வந்த யானை, கதிரையும் தொடாமல், இடத்தை விட்டும் நகராமல், நின்றபடியே கண் சொக்கித் தூங்கிவிடுகிறது. இன்றைக்குக் கெலமங்கலம் விவசாயியிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார். நியாயம்தான். ஒரு ராத்திரியில் ஆறு மாதச் சோறு போய்விடும். பட்டாசும் டார்ச் லைட்டுமாக விடிய விடியக் கண் விழித்துவிட்டுக் காலையில் சிப்காட்டுக்கு ஷிஃப்ட் போகிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் அதற்கும் பொறுமை இல்லாமல் வேலியில் திருட்டுத்தனமாக மின்சாரத்தை விடுகிறார்கள். 2023 மார்ச் 7-ம் தேதி தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் பிழைத்தன. இறந்து கிடந்தவற்றை விட்டுப் போகாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தன. இதைப் புரிந்துகொள்ள ஒலிப்பதிவுக் கருவி வேண்டியதில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்னால், அதே தர்மபுரியில், பாலக்கோடு பக்கம் வயல்களுக்கு வந்துகொண்டிருந்த ஒரு மக்னாவைப் பிடித்தார்கள். மக்னா என்றால் தந்தம் இல்லாத ஆண் யானை. கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, லாரியில் ஏற்றி, ஆனைமலையில் வரகளியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அருமையான காடு. தண்ணீர் உண்டு, தீனி உண்டு, வேலி இல்லை. மக்னா வெளியே வந்தது. நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து, பிப்ரவரி 22-ம் தேதி வாக்கில் கோவை நகர எல்லையில் வந்து நின்றது. பிடித்து மானாம்பள்ளி காட்டில் விட்டார்கள். அங்கிருந்தும் கிளம்பி, பொள்ளாச்சி அருகே சரளப்பதி தோப்புகளுக்கு வந்தது. ஜூலை 31-ல் மறுபடி பிடித்து, வால்பாறை அருகே சின்னக்கல்லாறில் விட்டார்கள். ஆறே மாதத்தில் மூன்று முறை லாரி.

இந்த மக்னாவைப் பிடிக்கக் கூட்டி வந்த கும்கிகளில் ஒன்றின் பெயர் சின்னத்தம்பி. பெயர் ஞாபகம் இருக்கிறதா? 2019 ஜனவரியில் கோவை தடாகம் பகுதியில் பிடித்து, இதே வரகளியாறில் கொண்டுபோய் விட்ட யானை. அதுவும் அங்கே தங்கவில்லை. சுமார் நூறு கிலோமீட்டர் நடந்து உடுமலைப் பக்கம் கரும்புக் காட்டுக்கு வந்தது. ஊர் ஜனம் அதன் பேரில் பாசம் வைத்துவிட்டது. பிப்ரவரி 15-ல் திரும்பப் பிடித்து, கூண்டில் அடைத்து, கும்கியாகப் பழக்கினார்கள். இப்போது பாகன் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் அதற்குப் புரியும். தள்ளு என்றால் தள்ளும். மக்னா லாரியில் ஏற மாட்டேன் என்று நின்றால், பின்னாலிருந்து நெற்றியை வைத்து முட்டி ஏற்றும்.